பிறர் உடுத்திய ஆடை

மதுரை மாநகரின் வெளிவீதிகளைத் தாண்டிய குடியிருப்புகளில், ஆடவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், முற்பகல் வேளையில் ஒரு குரல் தெருவுக்குள் நுழைவதுண்டு. "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்பது அக்குரல். தலையில் கூடை, அதனுள் எவர்சில்வர்த் தட்டு, தூக்குவாளி, வடிகட்டி, பிளாஸ்டிக் குடம், தோளில் மூட்டை. இக்காலத்தில் சிலர் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி, பதிவு செய்த குரலையே அலறவிடுகின்றனர். குரல் மாறினாலும் தொழில் மாறவில்லை.

அந்த வாணிகத்தை ஒருமுறையேனும் நின்று கவனித்தல் நன்று. பாத்திரக்காரம்மா முதலில் சட்டையின் கழுத்துப் பட்டையை மடித்துப் பார்ப்பார். துணி முதலில் தேய்வது அங்கேதான். அடுத்து அக்குள் தையலை இரு கைகளாலும் இழுத்துப் பார்ப்பார். பின்னர் முழுத் துணியையும் வெயிலுக்கு நேரே விரித்துப் பிடிப்பார். நைந்த இழையை வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். இத்தனையும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஜவுளிக் கடையில் ஆயிரக்கணக்கில் செலவிடும் நாம் இதில் பாதிக் கவனத்தைக்கூடச் செலுத்துவதில்லை. அதன்பின் பேரம். ஆறு சட்டைக்கு ஒரு தூக்குவாளி என்று அவர் தொடங்க, நான்குக்கு மேல் ஒரு துணியும் இல்லை என்று வீட்டம்மா நிற்க, இறுதியில் ஐந்து சட்டையோடு ஒரு பழைய போர்வையும் சேர்ந்து போகும். காசு கைமாறுவதில்லை, ஆதலால் வீட்டுத் தலைவரிடம் கணக்கும் போவதில்லை. நம் இல்லங்களின் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தால், கணவர்மார் தேடித் தேடிக் காணாத சட்டைகள் அங்கே தட்டுகளாகவும் கிண்ணங்களாகவும் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்!

பட்டுப் புடவைக்கு வேறு வழி உண்டு. பழைய பட்டு வாங்குவோர் அதை எடை போட்டு, சரிகையை உரசிப் பார்த்து விலை சொல்வர். உண்மைச் சரிகையில் வெள்ளி இருக்கிறது. புடவையை எரித்து அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பர். திருமணத்தன்று மணமகள் உடுத்திய புடவை, முப்பது ஆண்டுகள் கழித்துச் சாம்பலிலிருந்து ஒரு சிறு வெள்ளிக் கட்டியாகத் திரும்பி வருகிறது.

ஏனைய துணிகள் எங்கே செல்கின்றன? உடுக்கத் தக்கவை துவைத்து, ஒட்டுப்போட்டு, இஸ்திரி செய்யப்பட்டுச் சந்தைகளிலும் நடைபாதைகளிலும் மீண்டும் விலைக்கு வருகின்றன. உடுக்கத் தகாதவை வண்டிப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியாகின்றன. வடநாட்டில் இது பெருந்தொழில். தில்லியின் ரகுபீர் நகரில் விடியுமுன்பே கூடும் பழந்துணிச் சந்தையில், நம் பாத்திரக்காரம்மாவைப் போன்றே பாத்திரம் கொடுத்துத் துணி பெற்றவர்கள் தங்கள் மூட்டைகளை அவிழ்க்கின்றனர். அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில், பழைய கம்பளி ஆடைகளை நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்து, பஞ்சாக்கி, மீண்டும் நூலாக நூற்று, மலிவான கம்பளிப் போர்வை நெய்கின்றனர். நிறவாரியாகப் பிரிப்பதால் புதிதாகச் சாயம் ஏற்றும் தேவை குறைகிறது. பேரிடர்க் காலங்களில் நிவாரணமாக வழங்கப்படும் போர்வைகளுள் மிகப் பல அங்கே நெய்யப்பட்டவையே. முன்பின் அறியாத எவரோ ஒருவரின் கோட்டு, புயலில் வீடிழந்த ஒருவரின் போர்வையாகிறது.

இதுவரை சொன்னது பழந்துணியை விற்பதைப் பற்றி. அதில் நம்மவர் எவருக்கும் நாணமில்லை. வாங்குவதில்தான் நாணம் வந்து நிற்கிறது. இந்த நாணத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும் என்று தோன்றியதாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பிறர் உடுத்தியது என்பதற்காகவே நாம் ஓர் ஆடையை வெறுக்கிறோமா? அப்படியும் இல்லை. பிறந்த குழந்தையை முதன்முதல் கிடத்துவது பாட்டியின் பழைய நூல்சேலையில். புதுத்துணி குத்தும், பழந்துணியே மெத்தென்றிருக்கும் என்பதைத் தாய்மார் அறிவர். தொட்டில் கட்டுவதும் அதே சேலையில்தான். அக்காளின் பாவாடை தங்கைக்கும், அண்ணனின் சீருடை தம்பிக்கும் வருவது எல்லா வீட்டிலும் உண்டு. இந்து சமயச் சகோதரர்களின் கோயில்களில் அம்மனுக்குச் சாத்திய புடவைகள் ஏலத்துக்கு வரும்போது, வசதி படைத்தோரும் போட்டியிட்டு வாங்கி மகிழ்வர். நம் மதுரையின் தமுக்கம் அருகே, இராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், அண்ணல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி காக்கப்படுகிறது. அதன் முன்னே மக்கள் வாய்மூடி நிற்கின்றனர். அதுவும் ஒருவர் உடுத்திய பழைய துணியே. குருக்களாகிய எம்மைப் பற்றியும் சொல்லலாம். நாம் பூசைக்கு அணியும் திருவுடைகளுள் பெரும்பாலானவை நமக்கு முன்னிருந்தவர் அணிந்தவை. நமக்குப்பின் வருபவர் அணியப்போகிறவை. அவற்றின் கழுத்தோரத்தில் எவரெவருடைய வியர்வையோ ஏறியிருக்கிறது. அதற்காக எவரும் நம்மைக் குறைத்து மதித்ததில்லை.

எனவே துணி பழையது என்பதில் இழிவு இல்லை. அது யாரிடமிருந்து, எந்த முறையில், எந்த முகத்தோடு நம் கைக்கு வருகிறது என்பதில்தான் இழிவும் பெருமையும் இருக்கின்றன.

நாம் இப்போது பணிபுரிவது மேலூர்ப் பக்கத்துச் சமவெளியில், பெரியாற்றுக் கால்வாய் நீரை நம்பி வாழும் ஒரு சிற்றூர்ப் பங்கு. வீடு சந்திக்கச் செல்லும்போது கடன் கணக்குகள் தாமாகவே பேச்சில் வரும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனைச் சொல்ல எவரும் தயங்குவதில்லை. துணி எடுக்க வாங்கிய கடனைத்தான் குரலைத் தாழ்த்திச் சொல்கின்றனர். கிறிஸ்து பிறப்புக்கு ஒன்று, ஊர்த் திருவிழாவுக்கு ஒன்று, உறவினர் திருமணத்துக்கு ஒன்று; சூன் மாதத்தில் பள்ளிச் செலவு. அரசு 1983ஆம் ஆண்டு முதல் பொங்கலுக்கு வேட்டி சேலை வழங்கி வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் கிடைக்கிறது. ஆயினும் விழாவுக்கு உடுத்த அவை போதா என்பதே மக்கள் மனம். ஒரு வீட்டில் மூத்த பெண்ணின் புதுநன்மை வெள்ளையாடைக்கு வாரத் தவணைக் குழுவில் கடன் வாங்கியிருந்தார்கள். ஒரே நாள் உடுத்திய அந்த ஆடை தகரப் பெட்டியில் இருந்தது. தவணை இன்னும் முடியவில்லை. மறு ஆண்டு இளையவளுக்குப் புதுநன்மை. அவளோ அக்காளைவிட உயரம்.

இதைப் பங்குப் பேரவையில் எடுத்துப் பேசினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப்பின், மறைக்கல்வி அறையில் ஒரு மேசை போடலாம். அவரவர் வீட்டில் உடுத்தாமல் கிடக்கும் நல்ல துணியைக் கொண்டுவந்து விற்கலாம், வேண்டியதை வாங்கலாம் என்பது கருத்து. இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. முதலாவது, வசதியுள்ள ஓர் அன்பரிடமிருந்து. "விற்கவா வேண்டும் சாமி? இல்லாதவர்களுக்குச் சும்மாவே கொடுத்துவிடலாமே" என்றார். நல்ல உள்ளத்தோடு சொன்னதுதான்.

இரண்டாவது எதிர்ப்பு, பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவரிடமிருந்து. வழக்கமாகப் பேசாதவர். "சாமி, எங்க அப்பா காலத்துல பண்ணை வீட்டுப் பழைய வேட்டியைத்தான் கட்டுனாங்க. கூலியோட கூலியா அதையும் தூக்கிப் போடுவாங்க. அதைக் கட்ட மாட்டோம்னு சொல்லித்தான் நாங்க இவ்வளவு தூரம் வந்தோம். இப்போ கோயில்லயே மறுபடியும் பழசா?" என்றார். அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அம்முதியவர் வெறும் மனக்குறையைச் சொல்லவில்லை. ஒரு வரலாற்றைச் சொன்னார். ஒடுக்கப்பட்ட மக்கள் இறந்தோரின் ஆடைகளையே உடுக்கவேண்டும் என்று மனுவின் நூல் விதித்தது. தென் திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் 1820களில் தொடங்கி, 1859ஆம் ஆண்டு அரச ஆணை வரும்வரை நீடித்தது. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நமக்கு அடுத்த இராமநாதபுரம் பகுதியில், 1930ஆம் ஆண்டு திசம்பரில், ஆதிக்கச் சாதியார் சிலர் ஆதி திராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. சட்டை, பனியன், கோட்டு அணியலாகாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ அணியலாகாது. பொன், வெள்ளி நகை ஆகாது. குடையும் செருப்பும் ஆகாது. மறு ஆண்டில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய அட்டன் என்பவர் இவற்றைப் பதிந்து வைத்துள்ளார். இந்த மண்ணில் ஒருவன் கடைக்குச் சென்று, தன் காசைக் கொடுத்து, கஞ்சி மொடமொடப்புக் கலையாத புதுச் சட்டையை வாங்கி அணிவதென்பது வெறும் ஆடம்பரமன்று. அது ஒரு விடுதலைப் பத்திரம். கடன் வாங்கியேனும் புத்தாடை எடுக்கும் ஏழையைச் சிக்கனம் தெரியாதவன் என்று மேடையில் கண்டிப்போர் இதை அறிந்து பேசினால் நலம்.

இதே மதுரையில்தான் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில், காந்தியடிகள் மேலாடை துறந்து அரையாடை பூண்டார். சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த தொடர்வண்டியில், கதர் உடுத்துங்கள் என்று அவர் சொல்ல, அதை வாங்க வசதியில்லை என்று மக்கள் சொன்ன மறுமொழி அவரை உறுத்தியதாக அவரே பின்னர் எழுதினார். அவர் அவர்களுக்குத் தம் பழைய ஆடையைக் கொடுக்கவில்லை. தம் ஆடையை அவர்கள் நிலைக்குக் குறைத்துக்கொண்டார். எனினும் பெரியவர் ஒருவர் விரும்பிக் குறைப்பதும், பிறர் விதிக்க ஒருவன் குறைய உடுப்பதும் ஒன்றல்ல. முதியவரின் தந்தைக்கு அந்தத் தேர்வு இருந்ததில்லை.

சும்மா கொடுத்துவிடலாமே என்ற அன்பருக்கு விடை வேறிடத்தில் கிடைத்திருந்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களுக்கு நாடெங்கிலுமிருந்து பழைய துணி வந்து குவிந்தது. அம்மக்கள் அதைத் தொடவில்லை. சாலையோரங்களில் துணி மேடுகள் நனைந்து கிடந்தன. வாங்கிக்கொள்ளாத செருக்கு என்று சிலர் அன்று முணுமுணுத்ததும் உண்டு. செருக்கன்று, கடலில் இறங்கி உழைத்து, தன் மனைவிக்குத் தான் எடுத்த புடவையை உடுத்தக் கண்டு பழகிய ஒருவன், உற்றாரையும் இழந்து நிற்கும் நேரத்தில், முன்பின் தெரியாதோர் கழித்துக்கட்டிய கிழிசலைத் தூக்கி எறிந்தால் எடுத்துக்கொள்வானா? மேலும், வந்தவற்றுள் அந்த வெப்பத்துக்கும் வாழ்முறைக்கும் ஒவ்வாதவை பல. 1999இல் அன்சு குப்தா தில்லியில் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, அவ்வாறு வீசப்பட்ட துணிகளைத் திரட்டிப் பிரித்துப் பயன்படுத்தும் வேலையை மேற்கொண்டது. அவ்வமைப்பு கண்ட வழி எண்ணத்தக்கது: ஊர் மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு தோண்டுவர், பாதை செப்பனிடுவர், அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறுவர். பழந்துணிதான், ஆயினும் பிச்சையன்று, ஊதியம். 2015ஆம் ஆண்டு மகசேசே விருது குப்தாவுக்கு வழங்கப்பட்டது.

புனித மார்ட்டினின் கதையை நாம் மறையுரைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். நான்காம் நூற்றாண்டில், பிரான்சின் ஆமியான் நகர வாயிலில், குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் பிளந்து பாதியைக் கொடுத்த போர்வீரர். அந்த மேலாடையின் இலத்தீன் பெயரிலிருந்தே சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சேப்பல்' என்னும் சொல் பிறந்தது என்பதைக் குருமடத்தில் படித்தோம். ஆனால் கதையின் ஒரு பகுதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். மீதிப் பாதியை மார்ட்டின் தாமே போர்த்திக்கொண்டு நடந்தார். அதைக் கண்டவர்களுள் சிலர் அவருடைய அலங்கோலத்தைப் பார்த்துச் சிரித்தனர் என்று அவர் வரலாற்றை எழுதியவர் குறித்திருக்கிறார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே துணியின் இரு பாதிகளை உடுத்தி ஒரே தெருவில் நடந்தனர். கொடையின் கூச்சம் முழுவதும் பெற்றவன் தலைமேல் விழவில்லை.

பேரவையில் இறுதியில் முடிவானது இதுவே: மேசை போடலாம், ஆனால் முதல் ஆறு மாதங்கள் வசதியுள்ள குடும்பங்களும் கட்டாயம் அதில் வாங்கி உடுத்த வேண்டும். இந்த நிபந்தனையைச் சொன்னவர் அம்முதியவரே. "அவங்க கட்டட்டும், அப்புறம் நாங்க கட்டுறோம்" என்றார்.

தொடக்கத்தில் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். உள்ளாடை வேண்டாம், கிழிசல் வேண்டாம், பித்தான் இல்லாத சட்டை பித்தானோடு வரட்டும். வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டே மேசைக்கு வர வேண்டும். சொறி சிரங்கு ஒட்டும் என்ற அச்சத்துக்கு வேறு மருந்தில்லை. துவைத்தபின்னும் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் அந்த வீட்டின் வாசனை ஒன்று இருக்கும். இஸ்திரிப் பெட்டியின் சூடுதான் அதைப் போக்குகிறது. சட்டை முப்பது ரூபாய், சேலை அறுபது, குழந்தை உடுப்பு பத்து. விற்ற காசில் பாதி கொண்டுவந்தவருக்கு. மீதி இஸ்திரிக்காரருக்கும் தையற்காரருக்கும். காசு வேண்டாதவர் அந்த மதிப்புக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் பெரும்பாலும் இதையே விரும்பினர். பெட்டியில் எட்டு ஆண்டுகளாக உறங்கிய ஒரு சேலையைக் கொடுத்து, வேறொருத்தியின் பெட்டியில் உறங்கிய சேலையை எடுத்துச் செல்வதில் ஒரு காசும் செலவில்லை. கண்ணுக்கோ அது புதுச்சேலை.

சேலையின் அருமை அப்போதுதான் நமக்கு விளங்கியது. ஐந்தரை மீட்டர் துணிக்கு அளவென்று ஒன்றில்லை. ஒல்லியானவளுக்கும் பருத்தவளுக்கும், தாய்க்கும் மகளுக்கும் அது பொருந்தும். நாலு முழ வேட்டியும் அப்படியே. நம் முன்னோர் தைக்காத ஆடையை உடுத்தியதால் கைமாற்றம் எளிதாக இருந்தது. தைத்த ஆடை வந்ததும் தொல்லையும் உடன் வந்தது. அதிலும் ஊர்த் தையற்காரர் தைத்த துணிக்கு ஒரு நற்குணம் உண்டு: தையலுக்குள் ஓர் அங்குலம் துணியை மடித்து விட்டிருப்பார், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். ஆயத்த ஆடைகளில் அந்த மடிப்பே இருப்பதில்லை. வாங்கும் அன்பர்கள் துணியை உள்புறம் திருப்பி இதை முதலில் பார்ப்பது நல்லது. சுங்குடிச் சேலைகளில் சாயம் இறங்கும் கவலையும் பழந்துணியில் இல்லை. உப்பு நீரில் ஊறவைக்கும் வேலையை முதல் உடைமைக்காரி செய்து முடித்திருப்பாள்.

வசதியுள்ள வீட்டார் வாக்களித்தபடி வாங்கினார்களா என்று கேட்பீர்கள். எல்லோரும் வாங்கவில்லை. சிலர் முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டுத் துணியை மேசையிலேயே வைத்துச் சென்றனர். அது நிபந்தனையன்று என்று முதியவர் அவர்களைத் திரும்ப அழைத்துத் துணியைக் கையில் கொடுத்தார். ஓர் ஆசிரியை மட்டும் அடுத்த ஞாயிறே, அங்கு வாங்கிய பச்சைச் சேலையை உடுத்தி முதல் வாசகம் வாசிக்க வந்தார். அந்தச் சேலையை முன்பு உடுத்தியவள் பெண்கள் வரிசையில் அமர்ந்திருந்தாள். அருகிலிருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதன்பின் மேசைக்கு வந்த கூட்டம் வேறு.

ஆயினும் ஒரு சிக்கலைப் பிள்ளைகள் கொண்டுவந்தனர். சிற்றூரில் ஒரு சட்டையின் முதல் உடைமைக்காரனும் இரண்டாம் உடைமைக்காரனும் ஒரே வகுப்பில் படிப்பார்கள். "அது என் சட்டை" என்ற மூன்று சொற்கள் போதும். அந்தச் சிறுவன் அதை மறுபடி உடுத்த மாட்டான். அப்படி ஒருவன் சட்டையைக் கழற்றிப் புத்தகப்பைக்குள் திணித்துக்கொண்டு, பனியனோடு வீடு போனதாகக் கேள்விப்பட்டோம். பெரியவர்களின் நாணத்துக்குப் பேச்சினால் மருந்திடலாம்; பிள்ளைகளின் நாணத்துக்கு இயலாது. எனவே பிள்ளைகளின் துணியை மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மற்றொரு பங்கோடு மாற்றிக்கொள்கிறோம். அவர்கள் மூட்டை இங்கே வரும்; நம் மூட்டை அங்கே போகும். ஊர் மாறிய துணிக்கு முகம் தெரிவதில்லை.

நகரத்து இளையோருக்கு இக்கூச்சம் குறைந்து வருகிறது. கைப்பேசியில் படம் போட்டு, தாம் இருமுறை உடுத்திய சேலைகளை இன்ஸ்டாகிராமில் விற்கின்றனர். 'பிரீலவ்டு' என்று அதற்கொரு செல்லப் பெயர். முன்பு ஒருவரால் நேசிக்கப்பட்டது என்று பொருளாம். பாத்திரக்காரம்மாவின் மூட்டைக்கு இப்பெயரை எவரும் சூட்டவில்லை என்பது இருக்கட்டும். மேலைநாடுகளில் இது பழகிய வழக்கம். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1940களின் இறுதியில் ஆக்ஸ்போர்டு நகரில் திறந்த கடையும், பிரெடரிக் ஓசானாம் 1833இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையார் பல நாடுகளில் நடத்தும் கடைகளும் பழந்துணி விற்றே ஏழைகளுக்கு உதவி வருகின்றன. ஆனால் அந்நாடுகள் கழித்த துணியில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுகிறது. கானா நாட்டின் அக்ரா நகரிலுள்ள காந்தமாந்தோ என்னும் பெருஞ்சந்தை அத்துணிகளால் வாழ்கிறது. 2025 சனவரித் தொடக்கத்தில் தீப்பற்றி எரிந்தபோது பல்லாயிரம் பேரின் பிழைப்பு ஆட்டங்கண்டது. உள்நாட்டு நெசவைக் காக்க ருவாண்டா 2016இல் பழந்துணிக்கு வரியை உயர்த்த, 2018இல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்கு அளித்திருந்த வரிச்சலுகையை நிறுத்திவைத்தது. நம் நாட்டில் உடுத்திய ஆடைகளை இறக்குமதி செய்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஓர் ஊர் தன் துணியைத் தனக்குள் மாற்றிக்கொள்வது வேறு. ஒரு கண்டத்தின் கழிவை இன்னொரு கண்டத்தின்மேல் கொட்டுவது வேறு.

இறந்தவர்களின் ஆடையைப் பற்றி விதி எதையும் நாம் வகுத்திருக்கவில்லை. ஒருநாள் ஒரு கைம்பெண் தம் கணவரின் நான்கு சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். "காசு வேண்டாம் சாமி. யாராவது போட்டுக்கிட்டா போதும்" என்றார். மறைத்து விற்க மனம் ஒப்பவில்லை. கேட்பவரிடம் உண்மையைச் சொல்லி, மேசையின் ஓரத்தில் தனியே வைத்தோம். இரண்டு மாதங்கள் எவரும் தொடவில்லை. மூன்றாம் மாதம், கதிரறுப்பு இயந்திரத்தோடு வெளியூரிலிருந்து வந்த ஓர் இளைஞன் எடுத்துப் பார்த்தான். இறந்தவருடையது என்று சொன்னோம். "தோள் அளவு சரியா இருக்குங்க" என்று மட்டும் சொல்லி, நான்குக்கும் நூற்றிருபது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனான். அந்த அம்மா அன்று வரவில்லை. காசை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, சட்டை எந்த ஊருக்குப் போயிற்று என்று மட்டும் கேட்டார்.

புதுநன்மை ஆடைகளுக்கு இப்போது தனிப் பெட்டி இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு ஒன்பது, ஆண்பிள்ளைகளுக்கு ஐந்து. இவை விற்பனைக்கல்ல; நூறு ரூபாய் வாடகை, துவைத்துத் திருப்பித் தரவேண்டும். ஆசிரியையின் மகளும் கடந்த ஆண்டு இதிலிருந்துதான் உடுத்தினாள். தவணை கட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டு வெள்ளையாடையும் இப்பெட்டியில் சேர்ந்துவிட்டது. இளையவளுக்காகக் கீழ்மடிப்பைப் பிரித்ததில் மூன்று அங்குலம் கிடைத்தது; பிரித்த கோடு தெரியாதிருக்க அதன்மேல் ஒரு பின்னல் நாடாவைத் தைத்தார் தையற்காரர். இதுவரை நான்கு பிள்ளைகள் உடுத்திவிட்டார்கள். கைப்பகுதியில் இன்னும் அரை அங்குலம் இருக்கிறது, இன்னொரு பிள்ளைக்குத் தாங்கும் என்கிறார் அவர்.